மாஸ்கோவில் ஒரு தமிழய்யா

பதிவு கொஞ்சம் நீளம். வேலை நேரத்தில் படிக்க வேண்டாம். இரவு சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் மாப்பிள்ளை ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர். கீழே கொட்டை எழுத்தில், உலகத்தின் முதல் மொழி தமிழ்தான் என்று ரஷ்ய அறிஞர் அறிவித்துவிட்டார், தமிழனாக இருந்தால் பகிரவும் என்று இருந்தது. ஆளாளுக்குக் கைதட்டல் பொம்மை போட்டிருந்தார்கள். நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாப்பிள்ளை, அந்த அறிஞர் பேரு என்ன?"

"தெரியல மாமா. எனக்கு வந்துச்சு, அனுப்பிவிட்டேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பத்து மூன்று வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த நானும் மேடையில் இப்படித்தான் பேசியிருக்கிறேன். வெள்ளைக்காரனே சொல்லிவிட்டான் என்றால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும், பெயரும் வரலாறும் உள்ள ஒரு ரஷ்யரைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. அவர் பெயர் அலெக்சாண்டர் துபியான்ஸ்கி.

1941 ஏப்ரல் 27-இல் மாஸ்கோவில் பிறந்தவர். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கான கல்வி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கே 1973 முதல் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1970களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சில மாதங்கள் தங்கிப் படித்தார். சங்க இலக்கியம் பற்றி ஆராய்ந்து எழுதிய புத்தகம் 1989-இல் ரஷ்ய மொழியிலும், 2000-இல் ஆங்கிலத்திலும் வந்தது. 2020 நவம்பர் 18 அன்று, கொரோனா அவரைக் கொண்டுபோனது. அப்போது வயது 79. நம் ஊர்த் தலைவர்கள் இரங்கல் தெரிவித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. நாமும் இரண்டு நாள் பகிர்ந்தோம், பிறகு மறந்தோம்.

ஒருவர் ஏறக்குறைய ஐம்பது வருடம் ஒரே வேலையைச் செய்திருக்கிறார். பனி கொட்டும் ஊரில் நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து 'அ' எழுதச் சொல்லி, பிறகு குறுந்தொகை வரை கூட்டிப்போவது. அங்கே தமிழ் படித்தவருக்கு என்ன வேலை கிடைத்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள். சோவியத் நாடு இருந்தவரைக்கும் கொஞ்சம் கிடைத்தது.

என் வயதுக்காரர்களுக்கு அது நினைவிருக்கும். பரமக்குடியிலும் மதுரையிலும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சி போட்டால், கெட்டி அட்டை ரஷ்யப் புத்தகம் ஒரு டீ, வடை காசுக்குக் கிடைக்கும். ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு', பூ. சோமசுந்தரம் மொழிபெயர்த்த 'உண்மை மனிதனின் கதை' எல்லாம் நான் அப்படி வாங்கியவைதான். அட்டையைக் கிழித்து நோட்டுக்கு உறை போடுவதற்காகவே 'சோவியத் நாடு' பத்திரிகைக்குச் சந்தா கட்டிய வீடுகள் நம் தெருவில் உண்டு! மாஸ்கோ வானொலியில் தமிழ் ஒலிபரப்பும் இருந்தது. ஓர் அரசாங்கத்துக்கு நம் மொழி தேவைப்பட்டது. அதனால் பணம் வந்தது, பதவி வந்தது.

1991-இல் அந்த நாடு சிதறியது. தமிழ்ப் புத்தகம் நின்றது, கண்காட்சி நின்றது. தமிழால் லாபம் கிடைத்த காலம் அங்கே முடிந்துவிட்டது. துபியான்ஸ்கி மட்டும் வகுப்பை விடவில்லை. அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தார். அவரைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். தமிழைப் புகழ்ந்தாரா, முதல் மொழி என்றாரா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

அவருக்கு முன்னால் போனவர்களையும் சொல்லிவிடுகிறேன். கெராசிம் லெபெதெவ் என்ற ரஷ்ய இசைக்கலைஞர் 1785-இல் சென்னைக்கு வந்து இரண்டு வருடம் இருந்தார், தமிழ் கொஞ்சம் கற்றார். பிறகு கல்கத்தா போய், வங்காள மொழியில் நாடகம் போட்டுப் புகழ்பெற்றார். அடுத்தவர் அலெக்சாண்டர் மெர்வார்ட். மனைவி லுத்மிலாவோடு 1914-இல் இலங்கைக்கு வந்து, பிறகு இந்தியாவில் சுற்றி, நம் மக்கள் புழங்கும் பொருட்களையும் பழக்கவழக்கங்களையும் சேகரித்தவர். ஊர் திரும்பி லெனின்கிராடில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1929-இல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். மேடைத் தமிழுக்கு அல்ல, பேச்சுத் தமிழுக்கு. நாம் பிள்ளைகள் பேசுவதைக் 'கொச்சை' என்று தலையில் குட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒருவர் அதற்கு ஒழுங்கு உண்டு என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். மறு வருடமே, ஸ்டாலின் காலத்துக் கெடுபிடியில் கணவன், மனைவி இருவரையும் கைது செய்தார்கள். 1932-இல் அவர் கட்டாய உழைப்பு முகாமிலேயே இறந்துபோனார்.

பிறகு 1960-இல் பியாதிகோர்ஸ்கி, ரூதின் என்ற இருவர் தமிழ் - ரஷ்ய அகராதி கொண்டுவந்தார்கள். 1963-இல் கிளாசோவ், கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்ப்பில் திருக்குறள் ரஷ்ய மொழியில் வந்தது. பியாதிகோர்ஸ்கியும் கிளாசோவும் பின்னாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்தது. தமிழ் படித்த ரஷ்யர்களின் வாழ்க்கை ஒன்றும் பூமாலையாக இல்லை. இந்த வரிசையில் வந்து, ஊரோடு இருந்து, கடைசிவரை வகுப்பெடுத்தவர்தான் துபியான்ஸ்கி.

இனி என் கதை ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூறுகளில் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன். நான் செய்யுள் நடத்தினால் மற்றவர்கள் பொழிப்புரையை எழுதிக்கொள்வார்கள், அவன் கேள்வி கேட்பான். தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். பி.ஏ. தமிழ் சேர வேண்டும் என்றான். அவன் அப்பா மூன்று குறுக்கத்தில் மிளகாய் போடுகிறவர். அந்த வருடம் மழை பொய்த்து வத்தல் வீட்டுக்கு வரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அய்யா, இவன் தமிழு படிக்கணுங்கிறான். நீங்க என்ன சொல்றீகளோ அதுதான்."

நான் யோசிக்கக்கூட இல்லை. "தமிழ் படிச்சு என்னத்தப் பண்ணப் போறான்? பாலிடெக்னிக்ல போடுங்க. ரெண்டு வருசத்துல வெளிநாடு போயிருவான்" என்று சொன்னேன். தமிழ் படித்து, தமிழால் சம்பளம் வாங்கி, தமிழால் வீடு கட்டியவன் நான். என் வாயால் சொன்னேன். பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

நான் சொன்னது பலித்தது. இன்று தமாமில் இருக்கிறான். அக்காவுக்கும் தங்கைக்கும் கல்யாணம் முடித்தான், வீடு கட்டினான். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு இரவு போன் செய்தான்.

"அய்யா, முல்லைப்பாட்டு நடத்துனீகளே, அதுல வயசான பொம்பளைங்க ஊருக்கு வெளிய போயி நல்ல சொல்லு கேக்க நிப்பாங்கல்ல. ஒரு ஆயர் வீட்டுப் பொண்ணு, குளிர்ல நடுங்கிக்கிட்டு, கன்னுக்குட்டிக்கு ஆறுதல் சொல்லும். தாய்ப் பசு இப்ப வந்துரும்னு. அதைக் கேட்டுட்டு ராணிகிட்ட வந்து, உன் புருசன் வந்துருவாருன்னு சொல்லுவாங்க. அது ஏங்கய்யா அந்தப் பாட்டுல மழை, சாயங்காலம், காத்திருக்கிறது எல்லாம் ஒண்ணா வருது? எம் பொண்டாட்டி நேத்து போன்ல, இங்க மழை எறங்குது, நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டுச்சு. அதுலேர்ந்து இதே நெனப்பா இருக்கு."

முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல் என்று வாய்ப்பாடு சொன்னேன். முப்பத்து மூன்று வருடம் சொன்ன அதே வாய்ப்பாடு. "அது தெரியுங்கய்யா, ஏன்னுதான் கேக்குறேன்" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அப்படித் தேடும்போதுதான் துபியான்ஸ்கியின் புத்தகம் கண்ணில் பட்டது. அவனே ஆங்கிலப் பதிப்பை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன்.

அவர் சொல்வதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குறிஞ்சி, முல்லை, பாலை என்று நாம் பிரித்துப் படிக்கிற திணைகள் வெறும் நிலப் பாகுபாடோ, கவிஞர்கள் கூடி வகுத்துக்கொண்ட விதியோ மட்டும் அல்ல. அவற்றுக்கு அடியில் பழைய சடங்குகளும் தொன்மக் கதைகளும் கிடக்கின்றன. பெண்ணிடம் ஒரு ஆற்றல் உண்டு, அது வெப்பமானது, முறையாக இருந்தால் வளம் தரும், முறை தவறினால் அழிக்கும் என்று அந்தக் கால மக்கள் நம்பினார்கள். காத்திருக்கும் மனைவி தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டு இருப்பது ஒரு நோன்பு மாதிரி. வெயிலில் காய்ந்த நிலம் மழைக்குக் காத்திருப்பதும், அவள் கணவனுக்குக் காத்திருப்பதும் அவர்களுக்கு ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கம். மழை இறங்கினால் மண் குளிரும். அவன் வந்தால் அவள் மனம் குளிரும். இதைக் கொண்டு பெண்ணை அடக்கி வைப்பது சரி என்று யாரும் வாதாட வர வேண்டாம். அந்தச் சமூகம் எப்படி நினைத்தது என்பதைத்தான் அவர் ஆராய்கிறார்.

படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நம் முளைப்பாரி நினைவுக்கு வந்தது. இது அவர் சொன்னதல்ல, நானாகப் போட்ட முடிச்சு. மழை வேண்டி நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? வெயில் படாத அறையில் பயறு, தானியம் போட்டு முளைக்க வைக்கிறார்கள். அத்தனை நாளும் விரதம். ராத்திரி கும்மி. கடைசி நாள் தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைக்கிறார்கள். என் தாயார் எடுத்திருக்கிறார், என் மனைவி எடுத்திருக்கிறார், நான் பின்னால் குடை பிடித்துப் போயிருக்கிறேன். பெண்ணின் நோன்பையும் மழையையும் சேர்த்து முடிந்த ஒரு பழக்கம் என் வீட்டு அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய் 'இருத்தலும் இருத்தல் நிமித்தமும்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முதுகுளத்தூரில் வருசா வருசம் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற நமக்குத் தோன்றாத கேள்வி, மாஸ்கோக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. அவருக்கு அது தேர்வு வினா அல்ல. அதனால் 'ஏன்' என்று கேட்க நேரம் இருந்தது.

அவர் சொன்னது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் சடங்கை அதிகமாகத் தேடுகிறாரோ, பாட்டில் உள்ள சாதாரண மனித ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கிவிடுகிறாரோ என்று எனக்குப் பட்டது. அப்படிப் படித்துவிட்டு மறுப்பதுகூட அவருக்குச் செய்யும் மரியாதைதான். கைதட்டல் பொம்மை போடுவதைவிட நல்ல மரியாதை.

2010 ஜூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. நம் ஊரிலிருந்து வேன் எடுத்துப் போனோம், உங்களில் சிலரும் வந்தீர்கள். 'இனியவை நாற்பது' ஊர்தி வரிசை பார்க்க வெயிலில் மணிக்கணக்காக நின்றோம். நன்றாகத்தான் இருந்தது. அந்த மாநாட்டுக்குத் துபியான்ஸ்கியும் வந்திருந்தார். அப்போது அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஊர்தி பார்த்தேன், சாப்பிட்டேன், வேன் ஏறினேன். ஆய்வரங்கம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தமிழாசிரியன் நான்.

என் கருத்து இவ்வளவுதான். வெளிநாட்டுக்காரர்களை நாம் சான்றிதழ் எழுதிக்கொடுக்கும் ஆளாக வைத்திருக்கிறோம். பெருமையாகச் சொன்னால் படத்தைப் பகிர்கிறோம். அவர்கள் எழுதிய பக்கங்களைத் திறப்பதில்லை. ஒரு மொழியில் பாட்டு ஒன்றை ஒருவர் உட்கார்ந்து இன்னொருவருக்குச் சொல்லி, அவர் 'ஏன்' என்று திருப்பிக் கேட்டால்தான் அந்தப் பாட்டு உயிரோடு இருக்கிறது. மாஸ்கோவில் ஐம்பது வருடம் அது நடந்தது. முதுகுளத்தூரில், கேள்வி கேட்ட ஒரே பையனையும் நான் அனுப்பிவைத்துவிட்டேன்.

நம் சீமைக்கு இது புதிய வேலையும் அல்ல. 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்த பாண்டித்துரைத் தேவர் சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்தவர். சேது சமஸ்தானத்தில் ரா. ராகவையங்கார் போன்ற பெரும் புலவர்கள் இருந்தார்கள். அன்று சமஸ்தானம் சோறு போட்டது, புலவர் படித்தார்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "அய்யா, உங்களுக்கு மாசம் பொறந்தா பென்சன் வருது, பேசுறீங்க. எங்க பிள்ளைகளுக்கு வேலை யாரு தருவா?" நியாயமான கேள்வி. அந்த மிளகாய்க்காரருக்கு நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போதும் சில ராத்திரி யோசிக்கிறேன். கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில் போய் 'தமிழ் வாழ்க' என்று சொல்ல எனக்கு வாய் வராது. துபியான்ஸ்கியும் பட்டினி கிடந்து படிக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு நாற்காலி போட்டது, சம்பளம் கொடுத்தது. நம் அரசுக் கல்லூரிகளில் பல இடங்களில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. பேரில்தான் கௌரவம். மொழிக்கு மாநாடு போடும் அரசுகள் முதலில் அந்த இடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். இதை எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கேட்பேன்.

எல்லாப் பிள்ளையும் தமிழ் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நூறு பிள்ளைகளில் ஒன்று, தானாக வந்து தமிழ் படிக்கிறேன், வரலாறு படிக்கிறேன் என்று சொல்லும். அந்த ஒன்றை மட்டும் மறிக்காதீர்கள். பரமக்குடியிலும் ராமநாதபுரத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, செலவு அதிகம் ஆகாது. முடியாத வீடு என்றால் எனக்குச் சொல்லுங்கள். என் மாணவர்கள் எத்தனையோ பேர் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். கோயில் கொடைக்கு வரி போடுகிற மாதிரி, ஒரு பிள்ளையின் மூன்று வருடப் படிப்புக்கு நாம் பிரித்துப் போட்டுக்கொள்ள முடியாதா? முதல் பங்கு என் பென்சனிலிருந்து.

இன்னொன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் முல்லைப்பாட்டு ஆரம்பிக்கிறேன். மொத்தமே 103 அடி, பத்துப்பாட்டில் மிகச் சிறியது. வாரம் பத்து அடி போனாலும் மூன்று மாதத்துக்குள் முடித்துவிடலாம். உள்ளூரில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வெளியூர்க்காரர்களுக்குக் குழுவில் காணொளி இணைப்பு பேரன் போட்டுவிடுவான். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. 'ஏன்' என்று கேட்கலாம். எனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வேன். முன்பு அப்படிச் சொல்லிப் பழக்கம் இல்லை, இப்போது பழகிக்கொண்டேன்.

தமாம் பையனிடம் நேற்றுச் சொன்னேன். "நான்தான் முதல் ஆளா வருவேங்கய்யா" என்றான். நம் ஆறு மணி அவனுக்கு மத்தியானம் மூன்றரை. வேலை நேரம்தானே என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் பெர்மிசன் போட்டுக்கிறேன்" என்றான்.

அவனுக்கு நான் தர வேண்டிய பாக்கி அது. மற்றவர்களும் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா,
முதுகுளத்தூர்.